முதலில் ஆயக்கட்டைச் சொல்லு

ஐப்பசிக் கடைசியில் ஒரு நாள் இரவு ஏழரை மணிக்குச் சித்தப்பா போன் செய்தார். "கரண்டு போயிருச்சுப்பா." ஈபி லைனே இல்லாத வீட்டில் கரண்ட் எப்படிப் போகும் என்று வாய் வரை வந்தது. கேட்கவில்லை. பின்னால் தவளைச் சத்தமும், ஓட்டில் மழை விழும் சத்தமும் கேட்டன. சித்தி எங்கோ தீப்பெட்டி தேடிக்கொண்டிருந்தார்.

புதுக்கோட்டைப் பக்கம் ஆலங்குடிக்குக் கிழக்கே, தார்ச்சாலையிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் உள்ளே தள்ளி, தென்னந்தோப்புக்கு நடுவில் இருக்கிறது அவர்கள் வீடு. கம்பம் நட்டு லைன் இழுக்க ஆகும் செலவைக் கேட்டதும் அந்தப் பேச்சை விட்டுவிட்டார்கள். அதற்கு முந்தைய வருடம் தை மாதத்தில் ஒருவர் வந்து 335 வாட் பேனல் இரண்டும், 12 வோல்ட் 150 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டும், ஓர் இன்வெர்ட்டரும் வைத்துக் கொடுத்தார். இரண்டு ஃபேன், நான்கைந்து விளக்கு, டிவி எல்லாம் தாராளமாக ஓடும் என்றார். கோடை முழுக்க ஓடவும் செய்தது. முதல் மழைக்காலத்தில் நொண்டியது. இரண்டாவது மழைக்காலத்தில் படுத்துவிட்டது. இருபத்தொரு மாதத்தில் இரண்டு பேட்டரிகளும் காலி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நோட்டும் பேனாவுமாகப் போய்த் திண்ணையில் உட்கார்ந்தேன். எத்தனை வாட் பேனல் வாங்கலாம் என்று ஆரம்பித்ததும் சித்தப்பா கையமர்த்தினார். எழுபது வயது. ஊர்க் கண்மாயின் கணக்கு முழுவதும் விரல் நுனியில் வைத்திருப்பவர்.

"இரு. மொதல்ல ஆயக்கட்டு எவ்வளவுன்னு சொல்லு. அது தெரியாம கண்மாய எவ்வளவு ஆழம் வெட்டுவ?"

சூரிய மின்சாரம் பற்றி நான் படித்தவற்றின் சாரம் அந்த ஒரு கேள்வியில் இருந்தது. கண்மாய்க்கு மூன்று கணக்கு உண்டு. மழைத் தண்ணீர் எவ்வளவு வந்து சேரும் என்பது வரத்து. கரைக்குள் எவ்வளவு நிற்கும் என்பது கொள்ளளவு. எத்தனை ஏக்கருக்குப் பாய வேண்டும் என்பது ஆயக்கட்டு. தனித்து நிற்கும் சூரிய மின் அமைப்பில் வரத்து பேனல், கொள்ளளவு பேட்டரி, ஆயக்கட்டு வீட்டுச் செலவு. கடைக்குப் போகிறவர்கள் முதலில் கேட்பது பேனல் விலையை. அடுத்து பேட்டரி விலையை. வீட்டுச் செலவை யாரும் எழுதிப் பார்ப்பதில்லை. கணக்கைத் தொடங்க வேண்டிய இடமோ அதுதான்.

ஆயக்கட்டு: வீடு எவ்வளவு குடிக்கிறது?

வாட் என்பது மடை எவ்வளவு அகலமாகத் திறந்திருக்கிறது என்பதைச் சொல்லும். அதில் எவ்வளவு தண்ணீர் பாய்ந்து முடிந்தது என்பதைச் சொல்வது வாட்-மணி. 750 வாட் மிக்சி பெரிய மடை; ஆனால் பத்து நிமிடத்தில் மூடிவிடுவோம், செலவு 125 வாட்-மணிதான். 75 வாட் ஃபேன் சிறிய மடை; பத்து மணி நேரம் திறந்தே கிடப்பதால் 750 வாட்-மணி போய்விடும். ஆயிரம் வாட்-மணி சேர்ந்தால் நாம் ஈபி பில்லில் பார்க்கும் ஒரு யூனிட்.

வீட்டுக்குள் ஒரு சுற்றுச் சுற்றி எழுதினோம். சித்தி குளிர்பதனப் பெட்டி வேண்டும் என்றார். தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றச் சின்ன மோட்டாரும் வேண்டும். ஒரு நாளைய கணக்கு இப்படி வந்தது:

எல்.இ.டி. விளக்கு 4 (தலா 9 வாட், 5 மணி நேரம்): 180
வாசல் விளக்கு (5 வாட், 12 மணி நேரம்): 60
ஃபேன் 2 (தலா 30 வாட், 10 மணி நேரம்): 600
டிவி (50 வாட், 3 மணி நேரம்): 150
செல்போன், ரேடியோ: 40
மிக்சி (500 வாட், 12 நிமிடம்): 100
குளிர்பதனப் பெட்டி: 600
அரை எச்.பி. மோட்டார் (540 வாட், அரை மணி நேரம்): 270
மொத்தம்: 2,000 வாட்-மணி, அதாவது 2 யூனிட்.

குளிர்பதனப் பெட்டிக்கு வாட்டைப் பார்த்து மணியால் பெருக்கினால் தப்பாகும். அதன் கம்ப்ரசர் ஓடி ஓடி நிற்கும். நட்சத்திர லேபிளில் ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்று அச்சடித்திருப்பார்கள். அதை 365-ஆல் வகுத்து, தோப்பு வீட்டின் வெக்கைக்காகச் சற்றுக் கூட்டி 600 என்று வைத்தோம்.

பட்டியலில் ஃபேன் 30 வாட் என்று இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். வீட்டில் அப்போது சுற்றிக்கொண்டிருந்தவை 75 வாட் பழைய ஃபேன்கள். பி.எல்.டி.சி. ஃபேன்களுக்கு மாற்றினால் அதே காற்றுக்கு 30 வாட்டுக்குள் போதும். இரண்டு ஃபேனிலும் சேர்த்து நாளொன்றுக்கு 900 வாட்-மணி மிச்சம். இந்த 900-ஐ விளைவிக்க வேண்டுமானால் 300 வாட்டுக்கு மேல் பேனல் வேண்டும். சேமித்து வைக்கப் பேட்டரி தனி. ஃபேன் மாற்றும் செலவு அதன் பக்கத்திலேயே வராது. மேலே பேனல் ஏற்றுவதற்கு முன்னால் உத்தரத்தில் தொங்குவதை மாற்று என்பதுதான் இந்தத் தொழிலின் முதல் பாடம்.

எவ்வளவு என்பதோடு எப்போது என்பதும் முக்கியம். பகல் 11 மணிக்கு மாவு ஆட்டினால் பேனலிலிருந்து வரும் மின்சாரம் நேராக மிக்சிக்குப் போகும். இரவு 7 மணிக்கு ஆட்டினால் அதே மின்சாரம் பேட்டரிக்குள் போய், வழியில் தேய்ந்து, திரும்பி வர வேண்டும். "அப்ப சாயங்காலம் ஆட்டுற மாவ மத்தியானமே ஆட்டிடணும், அவ்வளவுதானே?" என்றார் சித்தி. அவ்வளவுதான். அந்த ஒரு பழக்கத்தால் பேட்டரிக்கும் ஆயுள் கூடும்.

கசிவு: இன்வெர்ட்டர் தின்பது

பேட்டரியில் இருப்பது நேர்மின்னோட்டம். வீட்டுச் சாமான்கள் கேட்பது 230 வோல்ட் மாறுமின்னோட்டம். நடுவில் நின்று மாற்றித் தரும் இன்வெர்ட்டர், நூற்றில் பத்தை எடுத்துக்கொள்ளும். ஆகவே 2,000 வாட்-மணி வேண்டுமென்றால் உள்ளே 2,220 அனுப்ப வேண்டும்.

இதைவிட மறைவான கசிவு ஒன்று உண்டு. ஒரு விளக்குகூட எரியாதபோதும் இன்வெர்ட்டர் விழித்துக்கொண்டே இருக்கும். அதற்கு 20 வாட் வேண்டும். இருபதுதானே என்று தோன்றும். 24 மணியால் பெருக்கினால் 480 வாட்-மணி, அதாவது ஏறக்குறைய அரை யூனிட். டிவி மூன்று நாளில் சாப்பிடுவதை இன்வெர்ட்டர் ஒரே நாளில் சும்மா இருந்தே சாப்பிட்டுவிடுகிறது. இரண்டும் சேர்த்து வீட்டின் உண்மையான தேவை 2,700 வாட்-மணி.

இந்தக் கசிவை அடைக்கத்தான் சென்னை ஐ.ஐ.டி.யில் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் இன்வெர்ட்டரே இல்லாத 48 வோல்ட் நேர்மின்னோட்ட அமைப்பை உருவாக்கினார்கள். விளக்கும் ஃபேனும் டிவியும் நேர்மின்னோட்டத்திலேயே ஓடும். ராஜஸ்தானின் பாலைவனக் கிராமங்களில் கம்பி போய்ச் சேராத வீடுகளில் அது விளக்கேற்றியது. மிக்சி, குளிர்பதனப் பெட்டி என்று கடையில் கிடைப்பதை எல்லாம் செருக நினைக்கும் வீட்டுக்கு இன்வெர்ட்டர் தேவைப்படுகிறது. ஆனால் அதைத் தேவைக்கு மேல் பெரிதாக வாங்கினால் சும்மா தின்பதும் பெரும்பாலும் கூடும். மோட்டார் கிளம்பும் அந்த ஒரு நொடியில் ஓடும்போது இழுப்பதைப் போல ஐந்து, ஆறு மடங்கு கரண்ட் இழுக்கும். அந்த உதைப்பைத் தாங்கும் அளவு போதும்.

வரத்து: கார்த்திகைச் சூரியன்

540 வாட் பேனல் என்று எழுதியிருக்கிறதே, அது 540 வாட் தருமா? பெரும்பாலான நேரம் தராது. சதுர மீட்டருக்கு 1,000 வாட் வெயில், பேனலுக்குள் இருக்கும் செல்லின் வெப்பநிலை 25 டிகிரி செல்சியஸ் என்று ஆய்வகத்தில் வைத்து அளந்த எண் அது. புதுக்கோட்டை வெயிலில் செல் 60 டிகிரியைத் தொடும். சிலிக்கான் செல்லுக்கு ஒவ்வொரு டிகிரி ஏற்றத்துக்கும் ஏறக்குறைய 0.35 சதவீதம் திறன் குறையும். 35 டிகிரி கூடுதல் என்றால் 12 சதவீதம் போயிற்று. சூரிய மின்சாரத்துக்கு வேண்டியது வெளிச்சம். வெக்கை அதற்கு எதிரி. அதனால்தான் பேனலை ஓட்டோடு ஒட்டி வைக்காமல், அடியில் காற்று ஓட ஒரு சாண் இடைவெளி விடச் சொல்கிறார்கள்.

அடுத்து, வெயில் எத்தனை மணி நேரம்? சூரியன் 12 மணி நேரம் வானத்தில் இருந்தாலும் காலை, மாலைச் சாய்வெயிலில் வலு இல்லை. நாள் முழுக்க விழுந்த வெயிலைச் சேர்த்து, முழு வலுவுள்ள உச்சி வெயிலாக அடித்திருந்தால் எத்தனை மணி நேரத்துக்குச் சமம் என்று கணக்கிடுவார்கள். தமிழகச் சமவெளியில் ஆண்டுச் சராசரி ஐந்து, ஐந்தரை மணி. பங்குனி, சித்திரையில் ஆறைத் தாண்டும். கார்த்திகை, மார்கழியில் நான்கை ஒட்டி இறங்கிவிடும். வடகிழக்குப் பருவமழையின் மேகமும், தெற்கே சாய்ந்துவிட்ட சூரியனும் சேர்ந்து செய்யும் வேலை இது.

முதலில் வைத்துக் கொடுத்தவர் எங்கே தவறினார் என்பது இங்கே வெளிச்சமாகிறது. பழைய ஃபேன்கள், விளக்கு, டிவி, இன்வெர்ட்டரின் தீனி எல்லாம் சேர்த்து அப்போது நாளொன்றுக்கு 2,600 வாட்-மணி ஓடியது. இரண்டு பேனலும் சேர்த்து 670 வாட். வெப்பம், தூசி, கம்பி, ஈய அமிலப் பேட்டரியின் தேய்மானம் எல்லாம் கழித்தால் நூற்றுக்கு அறுபது கையில் நிற்கும். சித்திரையில் 6.3 மணி வெயிலுக்கு 2,530. ஏறக்குறைய சரிக்குச் சரி. கார்த்திகையில் 4 மணிக்கு 1,600. தினமும் ஆயிரம் பற்றாக்குறை. அவர் ஏமாற்றவில்லை. கோடை வெயிலை வைத்துக் கணக்குப் போட்டார். சராசரி மழையை நம்பி யாரும் பயிர் வைப்பதில்லை. வறண்ட வருடத்துக்கும் தாங்குமா என்றுதான் பார்ப்பார்கள். வெளியிலிருந்து ஒரு சொட்டு மின்சாரமும் வராத வீட்டில், மோசமான மாதத்தை வைத்தே வரத்தைக் கணக்கிட வேண்டும்.

சாய்வும் அந்த மாதத்தை நினைத்தே அமைய வேண்டும். ஆலங்குடி இருப்பது ஏறக்குறைய 10.4 டிகிரி வட அட்சரேகையில். டிசம்பர் 21 நண்பகலில் சூரியன் உச்சியிலிருந்து 34 டிகிரி தெற்கே சாய்ந்து நிற்கும். ஜூன் 21-ல் 13 டிகிரி வடக்கே போய்விடும். ஆண்டு முழுக்க அதிக மின்சாரம் வேண்டுமென்றால் அட்சரேகை அளவுக்குச் சாய்த்தால் போதும். எங்களுக்கு வேண்டியது மார்கழி மின்சாரம். ஆகவே 15, 20 டிகிரி வரை தெற்கு நோக்கிச் சாய்ப்பது நல்லது; மழைத் தண்ணீர் தூசியை வழித்துக்கொண்டும் போகும்.

தோப்பில் பெரிய வில்லன் நிழல். பேனலுக்குள் செல்கள் வரிசையாகக் கைகோத்து நிற்கின்றன; ஒன்றின் வழியாகத்தான் அடுத்ததன் கரண்ட் போக வேண்டும். ஒரே ஒரு மட்டையின் நிழல் சில செல்கள்மேல் விழுந்தால் அந்த வரிசையே முடங்கும். பேனலை மூன்று பகுதியாகப் பிரித்துப் பக்கவழி டையோடு வைத்திருப்பதால் முழுவதும் சாவதில்லை. மூன்றில் ஒரு பங்கு போகும். கையகல நிழலுக்கு அவ்வளவு நட்டம். நாங்கள் காலை எட்டு, பகல் பன்னிரண்டு, மாலை நாலு மணிக்கு முற்றத்தில் நிழல் விளிம்பில் சுண்ணாம்பால் கோடு போட்டுப் பார்த்தோம். பழைய பேனல்களின் மேல் மூன்று மணிக்கே ஒரு தென்னை நிழல் ஏறியது. வீட்டு ஓட்டை விட்டுவிட்டு, மாட்டுக் கொட்டகைக்குத் தெற்கே இருந்த வெட்டவெளிக்கு இடத்தை மாற்றினோம்.

பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் நிற்கும் சார்ஜ் கன்ட்ரோலரிலும் இரண்டு சாதி உண்டு. பி.டபிள்யூ.எம். என்ற மலிவான வகை, பேனலைப் பேட்டரியின் வோல்டேஜுக்கே இழுத்துப் பிடித்துவிடும். 540 வாட் பேனல் 41 வோல்ட்டில் 13 ஆம்பியர் தரக்கூடியது. அதை 26 வோல்ட்டில் பிடித்து வைத்தால் கிடைப்பது 340 வாட்டுக்குள்தான். மீதி 200 வாட்டுக்குக் காசு கொடுத்ததே வீண். எம்.பி.பி.டி. வகை, பேனலை அதன் 41 வோல்ட்டிலேயே ஓடவிட்டு, அதிக வோல்டேஜைக் கூடுதல் ஆம்பியராக மாற்றித் தரும். இன்றைய பெரிய பேனல்களுக்கு அதுதான் பொருத்தம்.

கொள்ளளவு: மடைக்குக் கீழே நிற்கும் தண்ணீர்

கண்மாயில் நிற்கும் தண்ணீரெல்லாம் வயலுக்கு வராது. மடையின் அடிமட்டத்துக்குக் கீழே இருப்பது மீனுக்கும் மாட்டுக்கும். பேட்டரியிலும் அப்படி ஒரு மட்டம் உண்டு. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி என்றால் பெருக்கிப் பார்க்க 1,800 வாட்-மணி. ஆனால் ஈய அமிலப் பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் வேகமாகக் குறையும். ஆகவே கையில் இருப்பது 900. பெட்டியில் சி-10, சி-20 என்று ஒரு குறி இருக்கும். 150 என்பது பத்து மணி நேரத்தில் எடுத்தால் கிடைப்பதா, இருபது மணி நேரம் மெதுவாக எடுத்தால் கிடைப்பதா என்பதை அது சொல்கிறது. சி-20 என்று எழுதியதைப் பத்து மணி நேரத்தில் உறிஞ்சினால் 150 வராது.

பிரெஞ்சு விஞ்ஞானி காஸ்தோன் பிளான்தே 1859-ல் உருவாக்கியது ஈய அமிலப் பேட்டரி. அதன் குணம் ஒன்றை அறிந்துகொண்டால் சித்தப்பா வீட்டில் நடந்தது புரியும். மின்சாரத்தை எடுக்க எடுக்கத் தகடுகளில் ஈய சல்பேட் படியும். உடனே முழுதாக சார்ஜ் ஏற்றினால் கரைந்துவிடும். நாள்கணக்கில் அரைகுறையாக விட்டால் அது கடினப் படிகமாகி, பிறகு எளிதில் கரையாது. கண்மாயில் வண்டல் மேடிட்டது போல, கரை அதே உயரம்தான், தண்ணீர் மட்டும் நிற்காது. இரண்டு மழைக்காலங்களில் தினம் ஆயிரம் வாட்-மணிப் பற்றாக்குறையோடு கிடந்த பேட்டரிகள் வண்டல் ஏறித்தான் செத்தன. பழி பேட்டரிமேல் விழுந்தது. குறை வரத்தில் இருந்தது.

இன்று அந்த இடத்தைப் பிடித்துவருவது லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி. டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃப் குழுவினர் 1997-ல் வெளியிட்ட ஆய்வில் பிறந்தது அது. கட்டுரையில் அவரோடு பெயர் பதித்தவர்களில் பதி, நஞ்சுண்டசுவாமி என்ற இருவர் உண்டு. இந்தப் பேட்டரியில் நூற்றுக்கு 85 வரை இறக்கலாம். அரைகுறை சார்ஜில் கிடந்தாலும் படிகம் கட்டாது. ஏற்றி இறக்குவதில் ஈய அமிலத்தில் நூற்றுக்கு இருபது தேயும், இதில் ஐந்துதான். ஆயிரக்கணக்கான சுற்றுகள் தாங்கும். டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றும் வேலையும் இல்லை. விலை கூடுதல். உறைநிலைக்குக் கீழே குளிர்ந்திருக்கும்போது சார்ஜ் ஏற்றக் கூடாது. தையில் உறைபனி விழும் ஊட்டியில் இருப்பவர்கள் கவலைப்பட வேண்டிய சங்கதி, ஆலங்குடிக்குப் பயமில்லை. எங்களுக்குப் பயம் வெக்கைதான். எந்தப் பேட்டரியானாலும் சூடு ஆயுளைக் குறைக்கும். ஓட்டுக்கு நேர்கீழே வைக்காமல் வடக்குச் சுவரோரம் காற்றோட்டமாக வைத்தோம்.

மூன்றாவது பேனல்

இனிக் கணக்கை முடிக்கலாம். தேவை 2,700 வாட்-மணி. கார்த்திகை வெயில் 4 மணி. லித்தியம் என்றால் எல்லாக் கழிவும் போக நூற்றுக்கு எழுபது நிற்கும். 2,700-ஐ 4-ஆலும் 0.7-ஆலும் வகுத்தால் 964 வாட். 540 வாட் பேனல் இரண்டு போதும் என்று காகிதம் சொல்கிறது.

வானம் காகிதத்தைப் படிப்பதில்லை. வங்கக் கடலில் ஒரு தாழ்வு மண்டலம் நின்றால் இரண்டு நாள் சூரியன் முகமே காட்டாது. அந்த நாள்களில் வருவது ஒரு மணி நேர உச்சி வெயிலுக்குச் சமம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பேனல் 756 வாட்-மணி தரும்; நாளொன்றுக்கு 1,944 பற்றாக்குறை. இங்கே பலரும் மறப்பது மேகம் கூடுவதற்கு முந்தைய இரவை. அந்த இரவுக்கு 1,600 போய்விடும். ஆக, இரண்டு மேக நாளைத் தாண்ட 5,488. அதை 0.85-ஆல் வகுத்தால் 6,450 வாட்-மணிக்குப் பேட்டரி வேண்டும். தாண்டிவிட்டோம் என்றாலும் தொல்லை தீரவில்லை. மறுநாள் வெளுத்து வெயில் அடித்தாலும் இரண்டு பேனலில் தேவை போக மிஞ்சுவது 324-தான். காலியான பேட்டரி நிரம்ப இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் அடுத்த தாழ்வு மண்டலம் வந்துவிடும்.

மூன்றாவது பேனலைச் சேர்த்துப் பாருங்கள். மேக நாளில் 1,134 வரும். இரண்டு நாள் பற்றாக்குறையும் முதல் இரவும் சேர்த்து 4,732. மழை பெய்யும்போது கூரைத் தண்ணீரே தொட்டியில் விழுவதால் மோட்டாரை இரண்டு நாள் நிறுத்தலாம். இன்வெர்ட்டர் தேய்மானத்தோடு அது 600 மிச்சம். மீதி 4,132, 0.85-ஆல் வகுத்தால் 4,860. கடையில் கிடைக்கும் 25.6 வோல்ட், 200 ஆம்பியர்-மணி, அதாவது 5,120 வாட்-மணிப் பேட்டரி ஒன்று போதும். வெயில் திரும்பியதும் நாளொன்றுக்கு 1,800-க்கு மேல் மிஞ்சும். இரண்டு, மூன்று நாளில் நிரம்பிவிடும்.

கொள்ளளவைக் கூட்டினாலும் மழை இல்லாத வருடம் பெரிய கண்மாயும் காய்ந்துதான் கிடக்கும். வரத்துக்காலை அகலப்படுத்தினால் தூறலும் வந்து சேரும். பேனல் விலை கடந்த பதினைந்து ஆண்டுகளில் சரிந்து கிடக்கிறது. அதற்கு 25 ஆண்டு ஆயுளும் உண்டு. பேட்டரிக்கு அந்த ஆயுள் இல்லை. ஆகவே கையில் மிஞ்சும் பணத்தை முதலில் பேனலில் போடுவதுதான் புத்தி.

"அப்ப சித்திரையில?" என்று கேட்டார் சித்தப்பா. சித்திரையில் 7,000-க்கு மேல் வரும், தேவை 2,700, மீதி வீண் என்றேன். "வீணா? கலிங்கு வழியுதுன்னு சொல்லு" என்றார். கண்மாய் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழியும் இடம் கலிங்கு. பேட்டரி நிரம்பியதும் கன்ட்ரோலர் வரத்தை நிறுத்திவிடும். இப்போது கோடையில் பகல் பத்து மணிக்கு மோட்டாரைப் போட்டு, மாட்டுத் தொட்டி, கீரைப் பாத்தி எல்லாம் நிறைத்த பிறகுதான் நிறுத்துகிறார். கலிங்குத் தண்ணீரையும் அவர் விடுவதில்லை.

கம்பியும் காற்றும்

கடைசியாக இரண்டு சங்கதி. சின்னதாகத் தெரியும், வீட்டையே எரிக்கவும் கூரையையே பிடுங்கவும் வல்லவை.

முதலாவது கம்பி. 300 வாட்டை 12 வோல்ட்டில் அனுப்பினால் 25 ஆம்பியர் ஓடும். 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, பத்து மீட்டர் தூரம், போக வர இருபது மீட்டர் என்றால் கம்பியைச் சூடாக்கியே 58 வாட் போய்விடும். அதே 300 வாட்டை 24 வோல்ட்டில் அனுப்பினால் இழப்பு 14 வாட். 48 வோல்ட்டில் 4 வாட்டுக்குள். வோல்டேஜ் இரட்டித்தால் இழப்பு நான்கில் ஒன்று. அதனால்தான் எங்களுடையது 24 வோல்ட். பேட்டரியை ஒட்டியே ஃபியூஸ் வேண்டும். சுவிட்சும் எம்.சி.பி.யும் நேர்மின்னோட்டத்துக்கென்று செய்தவையாக இருக்க வேண்டும். மாறுமின்னோட்டம் நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடுவதால் அதன் பொறி தானே அணையும். நேர்மின்னோட்டத்தின் பொறி நின்று எரியும்.

இரண்டாவது காற்று. 2018 நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலை கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கரையேறி உள்ளே வந்தபோது, இந்தப் பக்கத்துத் தோப்புகள் என்ன ஆயின என்று எல்லோருக்கும் தெரியும். காற்று மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் மோதினால் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 68 கிலோ அழுத்தம். ஒரு பேனலின் பரப்பு 2.6 சதுர மீட்டர். 28 கிலோ எடையுள்ள பேனலைக் காற்று 175 கிலோ விசையோடு தூக்கப் பார்க்கும். மூன்றுக்கும் சேர்த்து அரை டன். சாய்மானத் தாங்கியின் நான்கு கால்களையும் இரண்டரை அடி ஆழக் கான்கிரீட்டில் இறக்கினோம். விழுந்தால் எட்டும் தூரத்தில் இருந்த ஒரு தென்னையைச் சித்தப்பா மனசில்லாமல் வெட்டினார்.

இப்போது வீட்டு நடையில் ஒரு சின்னத் திரை இருக்கிறது. பேட்டரியில் நூற்றுக்கு எவ்வளவு என்று காட்டும். போன கார்த்திகையில் இரண்டு நாள் விடாத மழை. இரண்டாம் நாள் இரவு ஏழரை மணிக்குச் சித்தப்பாவிடமிருந்து போன் வந்தபோது எனக்குத் திக்கென்றது.

"நாப்பத்தெட்டு காட்டுது. மோட்டாரைத் தொடவேயில்ல. டிவிய அணைச்சுட்டோம். விடியறப்ப இருபதுக்குக் கீழ போகாதுல்ல?"

போகாது சித்தப்பா என்றேன். பின்னால் அதே தவளைச் சத்தம். "இவதான் சீரியல் போச்சுங்குறா. தண்ணி இல்லாதப்ப கடைமடைக்காரன் சத்தம் போடத்தான் செய்வான்" என்றார். ஃபேன் சுற்றும் ஓசையும் லேசாகக் கேட்டது.